அடுப்புக்குச் சாட்சி

பரஞ்சோதிக்கு அன்று அடுப்புக்கு நிற்கிற முறை.

அந்த மடத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. சமையல்காரர் அங்கமுத்து தனியாக அடுப்பு பற்ற வைக்க மாட்டார். காலை ஆறு மணிக்குச் சமையற்கட்டு வாசலில் வந்து நிற்பார். அன்றைய முறைக்காரர் தீப்பெட்டியோடு வரவேண்டும். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அங்கமுத்து ஒரு குச்சியை உரசி விறகைப் பற்ற வைப்பார். சமையல் முடிந்து தண்ணீர் தெளித்து அணைத்ததும் மறுபடியும் கூப்பிடுவார். முறைக்காரர் குனிந்து சாம்பலைப் பார்த்து, "அணைஞ்சிருச்சு" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்னால்தான் மனிதர் அந்த இடத்தை விட்டு நகர்வார்.

மடத்தில் இருந்த மற்றவர்கள் இதை ஏதோ விரதம் என்று நினைத்திருந்தார்கள். பரஞ்சோதி சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தார்.

நினைக்க மாட்டாரா பின்னே? முப்பத்தைந்து வருஷம் கோர்ட்டில் வேலை பார்த்தவர். அதில் பாதிக்கு மேல் மாஜிஸ்திரேட்டுக்குக் கீழே பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்தவர். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சாட்சிகள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடி வருவார்கள். அப்பேர்ப்பட்டவரை ஒரு சமையல்காரர் சாட்சிக்கு நிறுத்தினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, மனசு ஒரு இடத்தில் நிற்காமல் இந்தக் குன்றடி மடத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவருக்கு வயது அறுபத்து மூன்று. மடத்தை நடத்திய பூரணியம்மாவுக்கு நாற்பத்து மூன்று. முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். இத்தனை இளைய பெண்ணைக் குரு என்று கும்பிட முதல் வாரம் பரஞ்சோதிக்குக் கை எழவில்லை. பிறகு எழுந்தது. அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். பேசிய பேச்சு இரண்டு மூன்று நாளைக்கு ஆளை விடாது.

"ஏம்ப்பா அங்கமுத்து, நீ என்ன சின்னப் பிள்ளையா? ஒரு அடுப்பைப் பத்த வைக்க ஒரு காவலா?" என்றார் பரஞ்சோதி, தீப்பெட்டியை நீட்டிக்கொண்டே.

"கோவிச்சுக்காதீங்க சாமி. உங்க முறைன்னா எனக்குக் கொஞ்சம் கூடவே நிம்மதி."

"ஏன், எனக்கு மட்டும் நாலு கண்ணா?"

அங்கமுத்து சிரிக்கவில்லை. குச்சியை உரசி விறகில் வைத்தார். எரிந்த குச்சியைத் தண்ணீர்ச் சொம்பில் போட்டார்.

"பாத்தீங்களா சாமி?"

"பாத்தேன், பாத்தேன்."

ஒன்பது மணி வாக்கில் அங்கமுத்துவின் மகள் முத்துப்பேச்சி வந்தாள். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. கையில் ஒரு ஒயர்க்கூடை. வருஷம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவள்தான். இந்தத் தடவை அப்பனைக் கையோடு கூட்டிப்போக வந்திருந்தாள். சாம்பலைப் பார்க்கக் காத்திருந்த பரஞ்சோதியின் காதில் அவர்கள் பேச்சு விழுந்தது.

"மில்லுல வேலை கிடைச்சிருக்குப்பா. அவரும் விடிஞ்சா வேலைக்குப் போயிருவாரு. பிள்ளையப் பாத்துக்க நீ இல்லாம எனக்கு யாரு இருக்கா?"

"நல்ல ஆளாப் பாத்து வச்சுக்கோ தாயி."

"நல்ல ஆளத்தான் பாத்து வந்திருக்கேன்."

"கூரை வீடு. பச்சப்பிள்ளை இருக்கிற வீடு. நான் அடுப்புப் பக்கம் போனா உனக்கு வேலை ஓடாது."

"எனக்கு ஓடும்."

"எனக்கு ஓடாது."

முத்துப்பேச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. "நாளைக்குப் பத்து மணி பஸ்ஸுக்குப் போறேன். நீ வரலைன்னா அந்த வேலையும் போச்சு. இனிமே உன்கிட்ட வந்து கெஞ்சவும் மாட்டேன். நல்லா யோசிச்சுக்கோ" என்றாள். பிறகு பரஞ்சோதி பக்கம் திரும்பினாள். "பெரியவங்க நீங்களாவது சொல்லக்கூடாதா ஐயா?"

"எந்த ஊரும்மா உங்களுக்கு?"

"ஓடைக்கரைப்பட்டி."

பரஞ்சோதிக்குச் சுரீர் என்றது. ஓடைக்கரைப்பட்டி. அங்கமுத்து. வைக்கோல் போர் கேஸ். இருபத்திரண்டு வருஷம் இருக்குமா? இருக்கும். ஆள் அப்போது ஒல்லியாக, மீசையோடு இருந்தார். அதனால்தான் இத்தனை நாள் அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது. தன் ஞாபகசக்தியை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. கூடவே பயமும் வந்தது. தீ வைத்த கேஸில் நின்றவன் கையிலா மடத்து அடுப்பு?

சாம்பலைப் பார்த்து "அணைஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, நேராகப் பூரணியம்மாவைத் தேடிப் போனார். அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு முக்கியமான விஷயம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல."

"உக்காருங்க ஐயா. கீரைய உருவிக்கிட்டே சொல்லுங்க."

பரஞ்சோதி உட்கார்ந்து ஒரு கொத்தைக் கையில் எடுத்தார். "அங்கமுத்து மேல ஒரு கேஸ் இருந்தது. தீ வச்ச கேஸ். அந்த ஊர் மணியக்காரர் வீட்டு வைக்கோல் போர் எரிஞ்சுபோச்சு. முதல் நாள்தான் ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு. நான் இருந்த கோர்ட்டுலதான் விசாரணை."

"தீர்ப்பு?"

"பெனிஃபிட் ஆஃப் டவுட்டுல விட்டாங்க."

"அப்படின்னா என்ன ஐயா? எனக்கு ஆஸ்பத்திரி இங்கிலீஷ்தான் தெரியும்."

கேட்கவேண்டுமா? பரஞ்சோதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சந்தேகத்தின் பலன்னு தமிழ்ல எழுதுவோம்மா. ஒருத்தர் குத்தம் செஞ்சாரா இல்லையான்னு கோர்ட்டுக்குச் சந்தேகம் வந்துட்டா, அந்தச் சந்தேகம் அவருக்குச் சாதகமாத்தான் போகணும். செய்யலைன்னே எடுத்துக்கணும். கோர்ட்டுல மட்டும் இல்ல, வெளியிலயும் சகஜமாச் சொல்றதுதான். இப்ப ஒருத்தர் நேரத்துக்கு வரலை. பஸ் கிடைக்கலைங்கறார். நிஜமா பொய்யான்னு நமக்குத் தெரியாது. சரி, பஸ் கிடைக்கலைன்னே இருக்கட்டும்னு விட்டுடறோம் இல்லையா? ஐ கேவ் ஹிம் த பெனிஃபிட் ஆஃப் த டவுட். அவ்வளவுதான். உறுதியாத் தெரியாத வரைக்கும் மனுஷனை நம்பணும்."

"நல்ல வார்த்தையா இருக்கே."

"அருமையான வார்த்தைம்மா. எத்தனையோ தீர்ப்புல நானே டைப் அடிச்சிருக்கேன்."

அம்மா ஒரு காம்பை உருவிப் போட்டுவிட்டுக் கேட்டார். "அப்புறம் ஏன் ஐயா அவர் இப்படி இருக்கார்?"

"எப்படி?"

"தன்னையே நம்பாம."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன். ஏதோ ஒண்ணு இருக்கப்போய்த்தானே…"

"அங்கமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தீர்ப்புல சொன்னத அவருக்கு யார் எடுத்துச் சொன்னது?"

கீரை உருவிய கை அப்படியே நின்றது.

கோர்ட்டு வராந்தா அவர் கண்முன் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். அங்கமுத்துவின் வக்கீல் அடுத்த கோர்ட்டுக்கு ஓடிவிட்டார். பசி வயிற்றைக் கிள்ள, பரஞ்சோதி டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார். ஒல்லியான ஒரு ஆள் கைகட்டி எதிரே வந்து நிற்கிறான். 'மாஜிஸ்திரேட் ஐயா இங்கிலீஷ்ல என்ன சொன்னாருங்க சார்?' என்று கேட்கிறான். அவர் நடையை நிறுத்தவில்லை. 'உன் மேல சந்தேகம் இருக்கு. ஆனா விட்டுட்டார். போ, போ.' அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்குத் தயிர்சாதமும் நாரத்தங்காயும். அதுகூட ஞாபகம் வந்து தொலைத்தது.

"நீங்களா ஐயா சொன்னது?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. நான்தான்."

"என்ன சொன்னீங்க?"

பரஞ்சோதி கீரைக் கொத்தைக் கீழே வைத்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"உன் மேல குத்தம் இல்லப்பா, விடுதலை ஆயிட்டே, நிம்மதியா வீட்டுக்குப் போன்னு சொன்னேன்."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். அதிகம் போனால் ஒரு மூச்சு நேரம் இருக்கும்.

"சரி ஐயா" என்றார். கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கும் அடுப்புக்கு நீங்களே நில்லுங்க."

அவ்வளவுதான். ஒரு குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. எத்தனை பேர் கூண்டில் ஏறிப் பொய் சொன்னதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறார் பரஞ்சோதி! இன்றைக்கு ஒரு முறம் கீரைக்கு முன்னால் தானே கூசாமல் பொய் சொல்லிவிட்டார். அதுவும் குருவிடம், அறுபத்து மூன்று வயதில்.

மத்தியானம் அங்கமுத்து சோறு போட்டார். பரஞ்சோதியால் இலையை விட்டுத் தலையைத் தூக்க முடியவில்லை.

"உடம்புக்குச் சரியில்லையா சாமி? ரசம் ஊத்தட்டுமா?"

"வேண்டாம்" என்று சொல்லி, பாதியில் எழுந்துபோய்க் கை கழுவினார். அந்தப் பரிவை அவரால் தாங்க முடியவில்லை. ரசம் வேண்டாம், நாலு வார்த்தை திட்டிவிட்டால்கூட நன்றாக இருக்கும் போலிருந்தது.

மறுநாள் விடிந்ததும் தீப்பெட்டியோடு அம்மாவிடம் போனார். அம்மா கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நான் உங்ககிட்டச் சொன்னது பொய்ம்மா."

"ம்."

"உன் மேல சந்தேகம் இருக்கு, விட்டுட்டாங்க, போன்னுதான் அவர்கிட்டச் சொன்னேன். நின்னுகூடச் சொல்லலை. நடந்துக்கிட்டே சொன்னேன்."

அம்மா குடத்தை இறக்கி வைத்தார்.

"நான் பொய் சொல்றேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதாம்மா?"

"சந்தேகம் இருந்தது."

"அப்புறம் ஏன் சரின்னீங்க?"

"அந்த வார்த்தைக்கு அப்பத்தானே ஐயா அர்த்தம் சொல்லிக் கொடுத்தீங்க?"

பரஞ்சோதிக்கு முகம் சுண்டிவிட்டது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. பூமி எங்கே பிளக்கிறது? மணி ஆறாகப் போகிறது. சமையற்கட்டு வாசலில் அங்கமுத்து வந்து நின்றாயிற்று. திண்டாடிக்கொண்டே போனார்.

முத்துப்பேச்சி உள்ளே ஓரமாகக் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். கூடை கட்டியாகிவிட்டது. அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பன் அசையவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

அங்கமுத்து தீப்பெட்டிக்குக் கை நீட்டினார். பரஞ்சோதி கொடுக்கவில்லை.

"அங்கமுத்து, நான் யாருன்னு தெரியுதா உங்களுக்கு?" முதல்முறையாக 'நீங்க' என்று வாயில் வந்தது.

"தெரியும் சாமி."

"மடத்துல பாத்ததச் சொல்லலை. அதுக்கு முன்னாடி…"

"தெரியும் சாமி. நீங்க வந்த அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன். பெஞ்ச் கிளார்க்கு சார்." அங்கமுத்து சாதாரணமாகத்தான் சொன்னார். "அதான் உங்க முறைன்னா நிம்மதின்னு சொன்னேன். கோர்ட்டு ஆளே பக்கத்துல நின்னு பாத்த மாதிரி இருக்கும்."

பரஞ்சோதி தீப்பெட்டியை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வராந்தால நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேனே…"

"அத எப்படி சாமி மறப்பேன்? உன் மேல சந்தேகம் இருக்கு, ஆனா விட்டுட்டார், போ, போன்னீங்க." ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். "ஊர்ல போய்க் கேட்டவங்ககிட்ட எல்லாம் அதையேதான் சொன்னேன். கூட்டியும் சொல்லலை, குறைச்சும் சொல்லலை."

"ஐயோ, அதையா ஊர்ல போய்ச் சொன்னீங்க?"

"பின்ன? கோர்ட்டு சொன்னதாச்சே. அன்னைக்குச் சாயங்காலம் அந்தப் போர்ப் பக்கமாத்தான் சாமி பீடி குடிச்சிக்கிட்டே போனேன். காலால நசுக்கி அணைச்சதா நல்ல ஞாபகம். கோர்ட்டுக்கு வர்ற வரைக்கும் அதுல எனக்கு மாத்தமே இல்ல. அவ்வளவு படிச்சவங்களே சந்தேகம்னு சொன்ன பிறகு, அணைச்சேனா இல்லையான்னு எனக்கே பிடிபடாமப் போயிருச்சு. அதுக்கப்புறம் எந்தத் தீயை அணைச்சாலும் அப்படித்தான். வேற ஒருத்தர் பாத்துச் சொன்னாத்தான் ஆச்சு."

முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பீடிக் கதை அவளுக்கே புதுசு என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"அங்கமுத்து, நான் சொன்னது தப்பு." பரஞ்சோதி ஒரு எட்டு முன்னால் வந்தார். "மாஜிஸ்திரேட் ஐயா சொன்னது அது இல்ல. இந்த ஆள்தான் செஞ்சான்னு சொல்ல ஆதாரம் இல்ல, சாட்சி ஒண்ணோட ஒண்ணு ஒட்டலை, சந்தேகம் இருந்தா அதோட பலன் இவருக்குத்தான் போகணும், இவர் குத்தவாளி இல்லைன்னுதான் சொன்னார். சந்தேகம் உங்க மேல இல்ல. உங்க மேல சொன்ன குத்தத்து மேல. எனக்குப் பசி. சாப்பிடப் போற அவசரத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போனேன். சரியா எடுத்துச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும்."

குழந்தை சிணுங்கியது. முத்துப்பேச்சி தட்டிக்கொடுத்தாள்.

"அன்னைக்குச் சொன்னதும் நீங்க. இன்னைக்குச் சொல்றதும் நீங்க," என்றார் அங்கமுத்து. "இதுல எதை சாமி நான் நம்புறது?"

அந்தக் கேள்வி பரஞ்சோதிக்கு நியாயமாகவே பட்டது. காட்டுவதற்குக் கையில் கேஸ் கட்டா இருக்கிறது?

"தனக்கே கேடா ஒருத்தன் சொல்ற சாட்சியைக் கோர்ட்டுல லேசுல தள்ள மாட்டாங்க அங்கமுத்து. இதைச் சொல்றதுல எனக்கு ஒரு லாபமும் இல்ல. உங்க மக முன்னாடி தலை குனிஞ்சு நிக்கிறேன். அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு."

அங்கமுத்து மறுபடியும் கை நீட்டினார். இந்தத் தடவை பரஞ்சோதி தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டார்.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க சாமி. நீயும் போ தாயி."

இருவரும் வெளியே வந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தீப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு குச்சி உரசியது. அணைந்ததோ என்னவோ, இன்னொன்று உரசியது. கொஞ்ச நேரத்தில் புகைபோக்கியில் புகை வந்தது. முத்துப்பேச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்து, அவள் பரஞ்சோதியிடம் சொன்னாள். "எங்கம்மா செத்து ஆறு வருஷமாச்சு. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து பொங்கலுக்குக்கூட அப்பாவை வாசல் அடுப்புப் பக்கம் விடமாட்டா. நீங்க இப்பச் சொன்னத அவ கேட்டுட்டாவது போயிருக்கலாம்."

பரஞ்சோதி புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். திட்டினால் தேவலை என்று நேற்று நினைத்தாரே, இன்றைக்குத்தான் தெரிந்தது அது எத்தனை கனம் என்று.

ஒன்பது மணிக்குச் சமையல் முடிந்தது. சாம்பலைப் பார்க்க யாரையும் கூப்பிடவில்லை. அங்கமுத்து கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். இரண்டு எட்டு வைத்ததும் நின்றார். திரும்பிப் போய் எட்டிப் பார்க்கத்தான் போகிறார் என்று பரஞ்சோதி நினைத்தார். அங்கமுத்து கதவையே பார்த்தபடி நின்றார். பிறகு உள்ளே போகாமல் நடந்தார். தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு, அம்மாவை விழுந்து கும்பிட்டார்.

"போயிட்டு வரேம்மா. பேத்தியப் பாத்துக்கணும்."

"நல்லா இருங்க அங்கமுத்து."

மகளிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பரஞ்சோதி வாசலிலேயே கைகட்டி நின்றிருந்தார். அங்கமுத்து அவரைக் கடந்து போனார். நிற்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. பத்து மணி பஸ் சாலை வளைவில் திரும்பி மறையும் வரை பரஞ்சோதி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அம்மாவிடம் வந்தார்.

"போறப்ப அவர் என்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலைம்மா."

"பாத்தேன்."

"மன்னிச்சிட்டாரா இல்லையான்னே தெரியலை."

"சந்தேகமா இருக்கா ஐயா?"

"ஆமாம்மா." கொஞ்சம் தயங்கி, கெஞ்சுகிற குரலில் கேட்டார். "உறுதியாத் தெரியாதப்ப, மன்னிச்சிட்டார்னே எடுத்துக்கலாம் இல்லையாம்மா?"

பூரணியம்மா அவரை இரக்கத்தோடுதான் பார்த்தார்.

"அது அவர் கொடுக்கணும் ஐயா. நாமளா எடுத்துக்கிறது இல்ல."